டிமென்ஷியா உள்ள பெரியவருக்கு வாரம் இருமுறை துணை: அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது?

காவிரிக்கரை:

வணக்கம். திருச்சி பொன்மலையில் ஒரு பெரியவருக்கு வாரம் இரண்டு நாள் துணையாகப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சம்பளம் எதுவும் இல்லை, தன்னார்வம்தான். விவரம் இது.

வயது 74. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சைமரும், சின்னச் சின்ன ஸ்ட்ரோக்கால் வந்த வாஸ்குலர் டிமென்ஷியாவும் கலந்திருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார். வலது காலை லேசாக இழுத்து நடப்பார், கைத்தடி உண்டு. சர்க்கரைக்குக் காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். நன்றாகப் பேசுவார், ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். "அண்ணன் வந்தானா?" என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. அண்ணன் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மாலை ஐந்து மணி நெருங்கினால் சட்டையை மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நின்றுவிடுகிறாராம். அவர் இருப்பதே சொந்த வீட்டில்தான்.

கவனித்துக்கொள்வது அவர் மனைவி. 68 வயது, மூட்டு வலி. மகள் சென்னையில் வேலையில் இருக்கிறார். செவ்வாய், சனி மாலை 4 முதல் 6 வரை என்று பேசியிருக்கிறோம்.

முதல் நாள் எப்படிப் போய் உட்காருவது, என்ன பேசுவது, மாலையில் கிளம்ப நின்றால் என்ன சொல்வது, சாப்பிடக் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், நான் செய்யவே கூடாதவை எவை? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். பொதுவான ஆறுதல் வார்த்தைகளைவிடச் செய்முறை விவரம் வேண்டும்.

---

வைகைக்கரை:

முதலில் நேரத்தை மாற்றுங்கள். மாலை 4 முதல் 6 என்பது இந்த நோயில் இருப்பதிலேயே கடினமான நேரம். பகல் முழுக்க மூளை பட்ட அலுப்பு, குறையும் வெளிச்சம், சுவரில் நீளும் நிழல்கள், பசி எல்லாம் அப்போது ஒன்றாகச் சேரும். முன்பின் தெரியாத ஒருவர் அந்த நேரத்தில் அறிமுகமானால் அவர் மனதில் நீங்கள் அந்தக் கலக்கத்தோடு சேர்ந்தே பதிவீர்கள். முதல் மாதம் காலை 10 முதல் 12 வரை போங்கள். முகம் பழகியதும் ஒரு நாளை மட்டும் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மனைவிக்கு உதவி அதிகம் தேவைப்படுவதும் மாலையில்தான் என்பதால் அதை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம்.

போவதற்கு முன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வேலை பார்த்த இடத்தில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள்? பெரும்பாலும் அந்தப் பெயருக்குத்தான் உடனே திரும்புவார். "தாத்தா" என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். தன்னை ஐம்பது வயதுக்காரராக நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் அது அவருக்குப் புரியாது, சில நாள் கோபமும் வரும். குடும்பத்தில் யார் யார், யார் இப்போது இல்லை? எதைக் கண்டால் பயப்படுவார்? கண்ணாடி, காது மிஷின், பல்செட் உண்டா? கடைசியாக மிஷின் பேட்டரி மாற்றியது எப்போது? "பேச மாட்டேங்கிறார்" என்று சொல்லப்படும் பலருக்குக் காது மிஷின் பேட்டரிதான் தீர்ந்திருக்கும். ஸ்ட்ரோக் வந்தவர் என்பதால் ஒரு பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படியிருந்தால் அந்தப் பக்கம் வைக்கும் தட்டும் தெரியாது, அந்தப் பக்கம் உட்காரும் நீங்களும் தெரிய மாட்டீர்கள். மகளின் எண், டாக்டரின் எண், ரயில்வே மருத்துவ அட்டையின் நகல், சமீபத்திய புகைப்படம் ஒன்று ஆகியவை உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

முதல் சந்திப்பில் அந்த அம்மா கூடவே உட்காரட்டும். நீங்கள் அவருடைய விருந்தாளி, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் போதும். இரண்டாவது முறை அம்மா சமையலறையில் இருக்கட்டும். மூன்றாவது முறை அரை மணி நேரம் கடைக்குப் போய் வரட்டும். அதற்குப் பிறகுதான் முழு இரண்டு மணி நேரம். ஆனால் அந்தக் கட்டம் வந்ததும் அம்மா கட்டாயம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். அடுத்த அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் அது ஓய்வே இல்லை. மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்க, கோயிலுக்கு, அக்கா வீட்டுக்கு என்று எங்கு வேண்டுமானாலும் போகட்டும். நீங்கள் போவதன் பயனில் பாதி அதுதான்.

உள்ளே நுழையும்போது பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வராதீர்கள். நேர் எதிரே, ஆறடி தூரத்தில் நின்று, அவர் பார்த்த பிறகு கும்பிட்டு, பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லுங்கள்: "வணக்கம் சார், நான் பக்கத்துத் தெருதான். உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். "என்னைத் தெரியுதா?", "போன வாரம் வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அது பரீட்சை. தோற்கப் போவது தெரிந்தே அவரை அதில் உட்கார வைக்கிறோம்.

டிவியை அணைத்துவிட்டு, அவர் கண்மட்டத்துக்குத் தாழ்வாக உட்காருங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும். கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். நமக்கு அந்த மௌனம் தாங்காது. ஐந்தாவது நொடியில் வேறு வார்த்தையில் அதையே கேட்டுவிடுவோம். அவருக்கு அது இரண்டாவது கேள்வி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேர்வு கொடுத்தால் இரண்டுக்கு மேல் வேண்டாம், பொருளையே கையில் காட்டுங்கள்.

என்ன செய்வது என்றால், அவர் ஃபிட்டர் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. பெயரும் தேதியும் போன பிறகும் கைப்பழக்கம் நெடுநாள் நிற்கும், ஏனென்றால் அது மூளையின் வேறு பாகங்களைச் சார்ந்தது. இரும்புக் கடையில் 16 மி.மீ., 20 மி.மீ. போல்ட்டும் நட்டும் அளவுக்கு ஐந்து ஜோடி வாங்குங்கள். வாய்க்குள் போகிற அளவுச் சின்ன நட்டும் வாஷரும் வேண்டாம். கை கிழிக்கிற பிசிறு இருந்தால் அரம் போட்டு எடுத்துவிடுங்கள். பூப்போட்ட தட்டு வேண்டாம், ஒரே நிறத்தில் அகலமான தட்டு. எல்லாவற்றையும் கலந்து கொட்டி, நீங்கள் ஒரு ஜோடியை மாட்டத் தொடங்குங்கள். பேச்சே தேவையில்லை. "எப்படின்னு சொல்லிக் கொடுங்க சார்" என்றால் வார்த்தை தேடித் திணறுவார். "செஞ்சு காட்டுங்க சார்" என்று கேட்டால் கை தானாகப் போகும். தப்பாக மாட்டினால் திருத்தாதீர்கள். மாட்டியதையெல்லாம் கழற்றிப் போட்டாலும் அதுவும் வேலைதான். இருபது நிமிடத்தில் நீங்களாகவே முடியுங்கள், சலிப்பு வரும்வரை இழுக்க வேண்டாம். முடித்ததும் பனியன் வேஸ்ட் கொடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தத் துணி கையில் பட்டதும் உட்காரும் விதமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வேறு நாட்களில் பட்டாணி உரிக்கலாம், துண்டு மடிக்கலாம், தாயம் உருட்டலாம். மனைவியின் வேலையில் ஒரு பங்காக இருந்தால் நல்லது. சும்மா பொழுதைப் போக்க வைத்தது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

---

பகல்நேர நர்ஸ்:

வைகைக்கரை சொன்னதோடு உடல்நலப் பக்கத்தைச் சேர்க்கிறேன். துணைக்குப் போகிறவர் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வாரம் இருமுறை புதுக் கண்ணோடு பார்ப்பவர் என்பதால், வீட்டார் கவனிக்காத மாற்றம் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக இறங்கும். வாஸ்குலர் கலந்திருந்தால் படிக்கட்டு மாதிரி, கொஞ்ச காலம் அப்படியே நின்று சட்டென ஒரு படி இறங்கும். ஆனால் சனிக்கிழமை நன்றாக இருந்தவர் செவ்வாய்க்கிழமை ஆளே மாறியிருந்தால், அதை "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர், பெரும்பாலும் அதற்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், தண்ணீர் குறைந்தது, சோடியம் குறைந்தது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, சில வாரம் முன் தலையில் பட்ட அடி என்று பட்டியல் நீளும். கத்துவது, இல்லாததைப் பார்ப்பது மட்டும் டெலிரியம் அல்ல. வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது, கூப்பிட்டால் அரைக்கண் திறப்பதும் அதுவே. இந்த இரண்டாவது வகையை "இன்னைக்கு அமைதியா இருக்கார்" என்று நினைத்துக் கோட்டைவிடுவது அதிகம். அன்றே டாக்டரிடம் சொல்லப்பட வேண்டும்.

சளிக்கும் தூக்கத்துக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குளோர்ஃபெனிரமின் போன்ற, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரைகள் இவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும், மூத்திரத்தையும் அடைக்கலாம். எதுவானாலும் டாக்டரைக் கேட்டே.

சர்க்கரை விஷயம் முக்கியம். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரையும் எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். வியர்வை, கை நடுக்கம், எரிச்சல், உளறல் என்று வருவதெல்லாம் டிமென்ஷியாவின் கோபம் மாதிரியே இருக்கும். முற்பகலில் திடீரெனச் சண்டைக்கு வந்தால் முதல் கேள்வி, "காலையில சாப்பிட்டாரா?" குளுக்கோமீட்டரில் பார்க்க வீட்டாரிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே என்றால், அல்லது மீட்டர் இல்லாமல் சந்தேகம் இருந்தாலும், அவர் விழித்திருந்து விழுங்க முடிகிற நிலையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108.

ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர். வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

இனி, செய்யக் கூடாதவை. மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள், டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தாலும். பணம், ஏடிஎம் கார்டு, பென்ஷன் பேப்பர் எதையும் தொடாதீர்கள், கையெழுத்துக்கு உதவாதீர்கள். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலை இல்லை. ஆனால் பாத்ரூமை நினைவுபடுத்துவது உங்கள் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "வாங்க சார், பாத்ரூம் போய்ட்டு வந்துடலாம்" என்று கூட நடங்கள். "பாத்ரூம் வருதா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். நீங்கள் போனதும் முதல் வேலையாக ஒரு முறை, கிளம்புமுன் ஒரு முறை. உள்ளே விளக்கு எரியட்டும், கதவு சற்றே திறந்து கழிப்பறை கண்ணில் படட்டும். நனைந்துவிட்டால் முகம் சுளிக்காமல் "தண்ணி கொட்டிடுச்சு, கைலி மாத்திக்கலாம்" என்று உலர்ந்த கைலியைக் கையில் கொடுங்கள். அதற்கும் மேல் போனால் அம்மாவுக்கு போன்.

நடக்கும்போது அவருக்கு வலது பக்கம், அரை அடி பின்னால் இருங்கள். தடி இடது கையில். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். தரை புரளும் வேட்டியும், பின்பட்டை இல்லாத செருப்பும், வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியும் விழ வைக்கும். கறுப்பு மிதியடி அவர்கள் கண்ணுக்குக் குழி மாதிரி தெரியலாம், தாண்டப் போய்த் தடுமாறுவார்கள். தரை நிறத்துக்கு ஒத்த, வழுக்காத மிதியடிக்கு மாற்றச் சொல்லுங்கள். விழுந்துவிட்டால் உடனே அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தலையில் பட்டதா, இடுப்பில் வலியா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் அப்படியே விட்டு 108.

"அண்ணன் வந்தானா?" கேள்விக்கு: இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் சாவு. "ஊருக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

---

உறையூர்க்காரி:

கடைசி விஷயத்தில் மட்டும் பகல்நேர நர்ஸோடு மாறுபடுகிறேன். சாவுச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் "வந்துடுவாரு" என்று புதுப் பொய்யைக் கட்டுவது தன்னார்வலர் கையில் முதல் ஆயுதமாக இருக்கக் கூடாது.

நடைமுறைக் காரணங்கள் சொல்கிறேன். நீங்கள் "ஊருக்குப் போயிருக்காரு" என்பீர்கள், அம்மா "தூங்குறாரு" என்பார், மகள் போனில் வேறொன்று சொல்வார். தகவல் மறந்தாலும், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் நிற்கும். "வந்துடுவாரு" என்றால் அவர் வாசலுக்குப் போய்க் காத்திருக்கவும் ஆரம்பிக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும் ஒரு பொழுதில், இறந்தவரை வருவார் என்று சொன்ன ஆளாக நீங்கள் நிற்பீர்கள்.

அந்தக் கேள்விக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். "அண்ணனை நினைச்சுக்கிட்டீங்களா சார்? அண்ணன் எப்படி இருப்பாரு?" என்று கேட்டால் பொய்யும் இல்லை, அடியும் இல்லை. பாதி நேரம் அவருக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். அண்ணனோடு மீன் பிடிக்கப் போனது, ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனது என்று ஏதாவது கிடைக்கும். ஆல்பத்தில் அண்ணன் படம் இருந்தால் எடுத்து வையுங்கள். ஐந்து முறை கேட்டால் ஐந்து முறையும் அதே குரலில் அதே பதில். நேராகக் கண்ணைப் பார்த்து "அண்ணன் செத்துப்போயிட்டானா?" என்று கேட்டால், "ஆமா சார்" என்று மெதுவாகச் சொல்லிக் கூட உட்காருங்கள். அப்படிக் கேட்பவருக்கு உண்மை பாதி தெரிந்திருக்கிறது. அப்போது பொய் சொன்னால்தான் கலங்கிப் போவார்.

எதுவுமே வேலை செய்யாமல், அழுகை அடங்காமல் இருக்கும் நாளில் என்ன சொல்வது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். எல்லோரும் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடினால் இரண்டு நிமிடத்தில் கைகலப்பு வரை போகும். அவருக்குப் பணிமனையில் சங்கு ஊதி வேலை முடிவது உடம்பில் ஊறின பழக்கம். மாலையானால் சட்டை போட்டுக் கிளம்புவது அவரைப் பொறுத்தவரை நியாயமான காரியம். அதனால் நான்கு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். அப்போதே சுண்டலோ இட்லியோ அவருக்கு ஒத்துக்கொள்ளும் சிற்றுண்டி, காபி. நாலரைக்கு போல்ட் துடைக்கும் வேலை. ஐந்து மணிக்கு "வேலை முடிஞ்சது சார்" என்று தட்டை நீங்களே எடுத்து உள்ளே வைத்து, கைகால் கழுவ அழைத்துப் போங்கள். முடிந்தது என்ற உணர்வு வந்தால் கிளம்பும் வேகம் குறையும்.

அதையும் மீறி வாசலுக்கு வந்தால் குறுக்கே நிற்காதீர்கள். முதலில் பாத்ரூம், பசி, வலி மூன்றையும் பாருங்கள். பிறகு "வாங்க, நானும் வரேன்" என்று தடியை எடுத்துக் கொடுத்து, தெருமுனை வரை நடந்து, வேறு வழியாகத் திரும்புங்கள். வெளியே போன கால் உள்ளே வரும்போது, பெரும்பாலும் அது வீட்டுக்கு வருவதாகவே ஆகிவிடும். மழையாக இருந்தால் மாடிப்படி அருகிலோ திண்ணையிலோ பத்து நிமிடம். பூட்டிய கதவை அவர் பார்த்து ஆட்டிக்கொண்டிருப்பதைவிட மோசம் எதுவும் இல்லை. தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து, அதன் மேல் திரை தொங்கவிடுங்கள். ஆனால் ஒருபோதும் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது, தீப்பிடித்தால் வழியில்லை.

கண் தப்பிப் போய்விட்டால் முதலில் வீட்டுக்குள், மாடி, கழிப்பறை, அக்கம்பக்கம். பிறகு அவர் பழைய பாதை: பணிமனைக்குப் போகும் வழி, பழைய குவார்ட்டர்ஸ், வழக்கமான டீக்கடை. பதினைந்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் 112-க்குச் சொல்லி, போனில் உள்ள படத்தை அனுப்புங்கள். இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி விதி இல்லை. சட்டைப் பையில் அட்டை வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார். காலரின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுவது நிற்கும்.

---

பேச்சுப் பயிற்சியாளர் (கோவை):

சாப்பாடு பற்றி யாரும் தொடவில்லை. ஸ்ட்ரோக்கும் டிமென்ஷியாவும் சேர்ந்த இடத்தில் விழுங்குவது எப்போது வேண்டுமானாலும் சிக்கலாகலாம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார் என்றாலும் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாப்பிடும்போது இருமல், குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரப்பது, ஒரு கன்னத்தில் சோறு ஒதுங்குவது, காரணமில்லாமல் அடிக்கடி சளிக் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லி, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் போவதும் உண்டு, அதனால்தான் கடைசி அறிகுறியைச் சேர்த்தேன்.

நம் ஊரில் பெரிய ஆபத்து அண்ணாந்து குடிப்பது. தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றும்போது மூச்சுக்குழாய் வழி திறந்தே இருக்கும். வாய் வைத்துக் குடிக்கப் பிடிக்கவில்லை என்றால் அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிடுங்கள். அடியில் கொஞ்சமே இருக்கும் குறுகிய டம்ளரும் தலையைச் சாய்க்க வைக்கும், வாய் அகன்ற டம்ளர் நல்லது. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் கண்ணுக்குத் தெரியாது, நிறமுள்ள தட்டில் வையுங்கள்.

அடுத்தது ரசம் சாதம். தண்ணீராக ஓடும் ரசமும் தனித்தனிப் பருக்கையும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் இறங்கும். குழைய மசித்துக் கெட்டியாகக் கலந்தால் பயமில்லை. முறுக்கு, பொரி, வேர்க்கடலை, உலர்ந்த பிஸ்கட் வேண்டாம். மேலே சுண்டல் என்று சொல்லியிருக்கிறார்கள், தோலோடு உருளும் கொண்டைக்கடலைச் சுண்டலைத் தவிருங்கள். பாசிப்பருப்பு நன்கு வெந்தால் சரி. இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டு உடைத்துக் கொடுங்கள், வெறும் இட்லி தொண்டையில் மாவாக ஒட்டும்.

கட்டிலில் சாய்ந்தபடி வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் பதிய, முகவாய் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். பல்செட் மாட்டியிருக்கிறாரா பாருங்கள். அவரே எடுத்துச் சாப்பிடட்டும், கையால் சாப்பிட்ட பழக்கம் ஸ்பூனைவிடச் சுலபமாக வரும். நீங்கள் ஊட்ட வேண்டி வந்தால் அரை டீஸ்பூன், விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. மெல்லும்போது கேள்வி கேட்காதீர்கள். முடிந்தபின் முப்பது நிமிடம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

அடைத்துக்கொண்டு இரும முடிந்தால் இரும விடுங்கள், முதுகில் தட்டவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். சத்தமே வராமல் திணறினால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளிவரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே 108. முதலுதவி வகுப்பில் ஒருமுறையாவது கையால் செய்து பழகிவிட்டுப் போங்கள், படித்து மட்டும் இது வராது.

---

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேரத்தைக் காலை பத்துக்கு மாற்றிப் பேசிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பர்ஸைக் காணவில்லை என்று என்னைச் சொன்னால் என்ன செய்வது? கிளம்பும்போது அவர் "என்னையும் கூட்டிட்டுப் போ" என்று கையைப் பிடித்துக்கொண்டால்?

---

வைகைக்கரை:

பர்ஸ்: சொல்வார் என்று எண்ணியே போங்கள். எடுத்து வைத்த இடம் மறந்துவிடுகிறது, பொருள் இல்லை, எதிரே நீங்கள் இருக்கிறீர்கள். மூளை அந்த இடைவெளியை இப்படித்தான் நிரப்பும். "நான் எடுக்கலை" என்று சத்தியம் செய்யாதீர்கள். "காணோமா சார்? பணம் இருந்துச்சா? வாங்க, தேடிப் பாக்கலாம்" என்று அவர் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். அவர் ஒளித்து வைக்கும் இடங்களை அம்மாவிடம் முன்பே கேட்டு வையுங்கள். தலையணை உறை, மடித்த வேட்டி இடுக்கு, அரிசி டின் ஆகியவை வழக்கமான இடங்கள். தெரிந்தாலும் நீங்கள் கையை விட்டு எடுக்காதீர்கள், எடுத்தவர்தான் வைத்தவர் என்றாகிவிடும். அந்தப் பக்கம் கூட்டிப் போய் அவரே கண்டெடுக்க விடுங்கள். அதே மாதிரி இன்னொரு பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு சில போட்டு வைத்திருப்பது எளிய ஏற்பாடு. உங்கள் பை வாசலிலேயே இருக்கட்டும், அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். நடந்ததை அன்றே அம்மாவிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் நாளைக்குச் சொல்வது விளக்கம் மாதிரி ஆகிவிடும்.

கிளம்புவது: "வீட்டுக்குப் போறேன்" என்ற வார்த்தையை அவர் முன் எடுக்காதீர்கள், அதுதான் அவர் ஏக்கத்தைக் கிளப்பும். கால் மணி நேரம் முன்பே அம்மா வந்துவிடட்டும். அம்மா காபி கொண்டுவந்து உட்காரும்போது நீங்கள் எழுந்து, "செவ்வாய்க்கிழமை வரேன் சார்" என்று கும்பிட்டு நகருங்கள். சொல்லாமல் நழுவினால் தேடுவார். கையைப் பிடித்துக்கொண்டால் பிடுங்காதீர்கள். இன்னொரு கையில் டம்ளரையோ துண்டையோ கொடுத்தால் பிடி தானாகத் தளரும்.

வெளியே வந்ததும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி அம்மாவிடம் விட்டுவிடுங்கள்: எவ்வளவு குடித்தார், சாப்பிட்டார், எத்தனை முறை பாத்ரூம், எது கலங்க வைத்தது, எதில் அடங்கினார். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டுதான் பேசும். 

மனைவிக்கு இரண்டு எண்கள்: முதியோருக்கான அரசு உதவி எண் 14567. மனம் தாங்காமல் போகும் இரவுகளுக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். வலது காலுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கிடைக்குமா என்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி 1992 முதல் இந்தியாவில் இயங்குகிறது, சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் டிமென்ஷியாவுக்கென்று சேவை நடத்துகிறது. மகள் சென்னையில் இருப்பதால் அவரே நேரில் போய்ப் பராமரிப்பாளர் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

உங்களால் வர முடியாத வாரம் வரும். இரண்டாவது ஆள் ஒருவரை இப்போதே கூட்டிப்போய் முகம் பழக்கி வைத்துவிடுங்கள்.